பழைய பெட்டியில் பயனுள்ள மின்சாரம்



அலுவலகங்கள் கழித்துப் போடும் சர்வர் கணினியின் மின்சாரப் பெட்டி பழைய இரும்புக் கடைக்கு வந்துவிடுகிறது. "சார், இதில் விளக்கும் சிறு மோட்டாரும் ஓட்டலாமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். தாராளமாக ஓட்டலாம்.

சுவரில் வரும் 230 வோல்ட்டை அது 12 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தரும். உலர்ந்த கையை அது தாக்காது. ஆபத்து வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, பெட்டியின் உள்ளே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அது உயிரைக் குடிக்கும். மூடியைக் கழற்றவே கூடாது.

இரண்டு, அதன் வலு. 600 வாட் பெட்டி 50 ஆம்பியர் தள்ளும். மெல்லிய கம்பிகள் உரசினால் நெருப்பாய்ச் சிவக்கும். பலகை வீடு பற்றிக்கொள்ள அது போதும். ஆகவே தடித்த கம்பியும் 5 ஆம்பியர் பியூசும் கட்டாயம். மூன்று முனை பிளக்கின் எர்த் கம்பியை வெட்டாதீர்கள், காற்றாடியை அடைக்காதீர்கள். பெட்டியை இயக்கும் முனை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதன் எண்ணை வைத்து விவரத்தாளைப் பார்த்த பிறகே தொடுங்கள்.

பெற்றோர்களே, குப்பை சேர்க்கிறான் என்று பிள்ளையை ஏசாதீர்கள். விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கைத்தொழில் இப்படித்தான் தொடங்குகிறது.

பெட்டி பழுதானால் கொளுத்த வேண்டாம். 2005ஆம் ஆண்டு விதிமுறை மின்னணுக் கழிவையும் ஆபத்தான கழிவுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது.