'அ' பதிவேட்டைக் கேளுங்கள்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்தில் மலைப் பக்கமாக உட்கார்ந்தால் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் வந்துகொண்டே இருக்கும். அந்தத் தோப்புகளில் முப்பது வருடம் கூலி வேலை பார்த்தவர் என் அம்மா. ஒரு தோப்பைக் கடக்கும்போது மட்டும், "இது எங்க தாத்தாவுக்கு சர்க்கார் குடுத்த இடம்ப்பா" என்பார். பிறகு பேச்சை மாற்றிவிடுவார்.

சிறுவயதில் அதை ஒரு கதை என்றே நினைத்தேன். 'அசுரன்' படம் வந்த பிறகுதான் அந்தக் கதைக்குப் பஞ்சமி நிலம் என்று ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரிந்தது.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், சேரி மக்களின் நிலை குறித்து 1891இல் அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்து 1892இல் சென்னை மாகாண அரசு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. நிபந்தனை தெளிவானது: முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசே நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இப்படி ஒதுக்கப்பட்டது பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லும் கணக்கு.

அப்புறம் எப்படிக் கைமாறியது? எங்கள் வீட்டில் ஒரு கல்யாணக் கடன், ஒரு கைநாட்டு, அவ்வளவுதான். ஆனால் கடன் கொடுத்தவர் மட்டும் நினைத்தால் நிலம் மாறிவிடாது. பத்திரம் பதிய ஒருவர் வேண்டும், பட்டா மாற்ற ஒருவர் வேண்டும். நிபந்தனையை எழுதி வைத்த அரசின் மேசையிலேயே அது மீறப்பட்டது.

சேத்தூர், கொல்லங்கொண்டான் போன்ற ஜமீன் பகுதிகளின் கதை வேறு. 1948 சட்டம் ஜமீனை ஒழித்தது. பட்டா, ஏற்கெனவே சாகுபடி உரிமை வைத்திருந்தவர்களுக்குப் போனது. அவர்கள் வயலில் உழைத்த பண்ணையாள் கூலியாகவே நின்றார். ஜமீன் போனது, சாதி போகவில்லை.

தென்னாப்பிரிக்காவில் 1913ஆம் ஆண்டுச் சட்டம் கறுப்பின மக்களை ஏறத்தாழ ஏழு விழுக்காடு நிலத்துக்குள் அடைத்தது. நிறவெறி ஆட்சி வீழ்ந்த 1994இலேயே, 1913க்குப் பின் நிலம் பறிக்கப்பட்டவர்கள் திரும்பக் கோரலாம் என்று சட்டம் வந்தது. திரும்பி வந்த நிலம் குறைவுதான். ஆனால் பறித்தது அநீதி என்று அந்த நாடு எழுத்தில் ஒப்புக்கொண்டது. அதே 1994இல், செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் பஞ்சமி நிலம் கேட்டுப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள். நமக்கு அரசு எழுதிய பதில் அது.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி அம்மாவிடம் காட்டினேன். "நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டாங்கப்பா" என்றார். நூற்றுமுப்பது வருட ஆணையை ஒரு நாள் கூலி தடுத்து நிறுத்துகிறது. இதுதான் நிலமற்றவர்களின் நிலை. நிலம் கேட்பதற்கே கொஞ்சம் நிலம் வேண்டியிருக்கிறது.

அதனால்தான் இது அம்மா தனியாகக் கேட்க வேண்டியதல்ல. ஒவ்வொரு வருவாய்க் கிராமத்தின் பஞ்சமி நிலப் பட்டியலையும், பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டோடு ஒப்பிட்டு, அரசே வெளியிட வேண்டும். அதுவரை, கூலிக்குப் போகாத, படித்த நாம் கேட்போம், தோழர்களே. உங்கள் ஊர் 'அ' பதிவேட்டைக் கேளுங்கள். பழைய பதிவேட்டில் யார் பெயர் இருந்தது, இன்று யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

என் மனுவை அனுப்பிவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.