நகையும் நங்கையும்

மெய்ப்பாடுகள் எட்டினுள் நகையையே முதற்கண் வைத்தார் தொல்காப்பியர். மெய்யின்கண் தோன்றுவதே மெய்ப்பாடு. ஆகவே நகைச்சுவை நாவுக்கு மட்டுமின்றி உடலுக்கும் உரியதாகும். அவ்வுடல் ஆணுடையதாயின் கைதட்டுகிறோம். பெண்ணுடையதாயின் முகம் சுளிக்கிறோம். இது முறையா?

கல்லூரி விழா மேடைகளை எண்ணிப் பாருங்கள். மாணவன் ஒருவன் சேலை உடுத்தி, இடுப்பை நெளித்து நடந்தால் அரங்கம் அதிர்கிறது. அங்கே நகைப்புக்கு ஆளாவது பெண்ணின் நடையும் குரலுமே. நகையின் நிலைக்களன்களுள் தொல்காப்பியர் கூறும் எள்ளல் அது. அதே மேடையில் மாணவி ஒருத்தி கால் இடறி விழுவதுபோல் நடித்தால், 'பெண்ணுக்கு இது அழகா?' என்கிறோம். பெண்ணைப் பழிக்கும் நகைக்கு இசைவு. பெண் படைக்கும் நகைக்குத் தடை!

பெண்ணுக்கு இக்கலை வாராது என்பார்க்கு வரலாறு விடை கூறும். ஊமைப்படக் காலத்தில், 1914ஆம் ஆண்டிலேயே, சார்லி சாப்ளின் நடித்த படத்தை இயக்கித் தாமும் அதில் நடித்தவர் மேபல் நார்மண்ட் என்னும் அமெரிக்க நடிகை. 1951 முதல் 1957 வரை ஒளிபரப்பான 'ஐ லவ் லூசி' தொலைக்காட்சித் தொடரில் லூசில் பால் புகழ்க்கொடி நாட்டினார். 1952இல் வந்த ஒரு பகுதியில், மனைவியர் இருவர் மிட்டாய்த் தொழிற்சாலைக்குச் செல்கின்றனர். கணவர் இருவரும் அடுக்களை புகுகின்றனர். இயந்திரப் பட்டையில் சாக்லேட்டுகள் விரைந்து வர, தாளில் பொதிய இயலாமல் வாயிலும் தொப்பியிலும் திணிக்கிறார் லூசி. வீட்டிலோ, அளவறியாது இட்ட அரிசி பொங்கி வழிகிறது. இரு பாலாரும் தோற்கின்றனர், எவரும் இழிவுபடவில்லை. ஒருவர் பணியின் அருமையை மற்றவர் உணர்கின்றனர். நாமும் சிரித்துக்கொண்டே உணர்கிறோம்.

நம் மண்ணிலும் சான்று உண்டு. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் மனோரமா ஏற்ற ஜில்ஜில் ரமாமணி, நடையாலும் கண்ணாலும் கையசைவாலும் நம்மைச் சிரிக்கவைத்தாள். சிரித்த நமக்கு அவள்மீது அன்பே பெருகியது.

மேடையில் கண்ணியம் வேண்டும் என்னும் பெரியோர் சொல்லை மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்வளவுகோல் இரு பாலார்க்கும் பொதுவாதல் வேண்டும். விழுந்து காட்டுவதில் இழிவில்லை. பிறரைத் தாழ்த்தி நகைப்பதிலேயே இழிவு உள்ளது. ஆசிரியப் பெருமக்களே! அடுத்த விழாவில், சேலை கட்டிய மாணவனுக்கு மாற்றாக, தம் வாழ்வின் நகையைத் தாமே எழுதி நடிக்கும் மாணவியர்க்கு மேடை தாருங்கள். அப்போதும் அரங்கம் அதிரும். எவர் உள்ளமும் புண்படாது.