திறமைக்கு ஏது வேலி?

ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கும்போது நாம் முதலில் எதைப் பார்க்கிறோம்? அவருடைய திறமையையா, அல்லது அவர் நம்மவரா என்பதையா? பலர் பார்ப்பது இரண்டாவதைத்தான். அது தவறு என்பதே என் கருத்து. ஸ்காட்லாந்துக் கால்பந்து மேலாளர் ஜாக் ஸ்டீனின் வாழ்க்கை இதற்குச் சான்று.

1922ஆம் ஆண்டு பிறந்த ஸ்டீன், நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்துக்கொண்டே கால்பந்து ஆடியவர், புராட்டஸ்டன்டு குடும்பத்தவர். 1951இல் அவர் சேர்ந்த செல்டிக் கழகமோ, கிளாஸ்கோ நகரின் ஏழை ஐரிஷ் கத்தோலிக்கக் குழந்தைகளுக்கு உணவளிக்கப் பொருள் திரட்டுவதற்காக, மாரிஸ்ட் சபைச் சகோதரர் வால்ஃபிரிட் 1887இல் தொடங்கியது. இரு பிரிவினருக்கும் இடையே பகை மூண்டிருந்த நகரம் அது. ஸ்டீன் செல்டிக்கில் சேர்ந்ததால் பழைய நண்பர்கள் சிலரை இழந்தார்.

அதுவரை கத்தோலிக்கரையே மேலாளராக வைத்திருந்த அக்கழகம், 1965இல் ஸ்டீனிடம் பொறுப்பை ஒப்படைத்தது. “நம் மக்கள் வளர்த்த கழகத்தை நம்மவர்தானே நடத்த வேண்டும்?” என்று சிலர் கேட்கலாம். மதத்தைக் காரணம் காட்டி வேலை மறுக்கப்பட்ட மக்கள் ஒன்றுகூடி வாழ்ந்ததில் வியப்பில்லை. ஆனால், தமக்கு இழைக்கப்பட்ட அநீதியையே தாமும் பிறருக்கு இழைக்கலாமா?

கழகம் அத்தவற்றைச் செய்யவில்லை. பலனோ பெரிது! 1967 மே 25ஆம் நாள் லிஸ்பன் நகரில், இத்தாலியின் இன்டர் மிலான் அணி முதல் கோலைப் போட்டது. செல்டிக் வீரர்கள் மனம் தளரவில்லை. 2–1 என்று வென்று, ஐரோப்பியக் கோப்பையைப் பெற்ற முதல் பிரிட்டிஷ் அணி என்ற பெருமையை அடைந்தனர். அன்று ஆடிய பதினொருவரும் கிளாஸ்கோவைச் சுற்றி முப்பது மைலுக்குள் பிறந்தவர்கள். அவர்களுள் கத்தோலிக்கரும் இருந்தனர், புராட்டஸ்டன்டினரும் இருந்தனர். 1966 முதல் 1974 வரை தொடர்ந்து ஒன்பது முறை ஸ்காட்லாந்து லீக் பட்டமும் செல்டிக்குக்கே கிடைத்தது.

பின்னர் ஸ்காட்லாந்து தேசிய அணிக்கு ஸ்டீன் மேலாளரானார். 1985 செப்டம்பர் 10 அன்று கார்டிஃப் நகரில் வேல்ஸ் அணியுடன் நடந்த ஆட்டத்தின் முடிவில் மயங்கி விழுந்து, 62ஆம் வயதில் உயிர் நீத்தார்.

அன்புத் தோழியரே! வகுப்புத் தலைவியைத் தேர்ந்தெடுக்கும்போதும், விளையாட்டுக்கு அணி பிரிக்கும்போதும் நாம் நம் தோழிகளின் பெயர்களைத்தானே முதலில் சொல்கிறோம்? நானும் அப்படிச் செய்திருக்கிறேன். இனி “அவள் யார்?” என்று கேட்குமுன் “அவளால் என்ன முடியும்?” என்று கேட்போம். ஏழைக் குழந்தைகளுக்காகத் தோன்றிய ஒரு கழகம் நமக்குக் கற்றுத் தரும் பாடம் அதுவே.

— பத்தாம் வகுப்பு மாணவி