கேட்குமுன் கணக்கு



சென்ற மாதம் நமக்கு ஒரு மடல் வந்தது. எழுதியவர் நாம் முன்னொரு காலத்தில் பணியாற்றிய பங்கில் பிறந்து வளர்ந்து, மணமாகி, இப்போது அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் வாழ்கிறவர். அவருடைய பங்கில் ஏழைப் பிள்ளைகளுக்காக மாலை வகுப்பு ஒன்று நடைபெறுகிறதாம். பணம் போதவில்லை. "இவ்வட்டாரத்துக் கம்யூனிட்டி ஃபவுண்டேஷனுக்கு ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும், நீங்கள்தாம் கணக்குப் படித்தவராயிற்றே" என்று சொல்லிப் பங்குப் பேரவையினர் அப்பொறுப்பை அவரிடம் ஒப்படைத்துவிட்டனர். "சுவாமி, கையேந்தி எழுதும் கடிதம் எனக்கு வராது. தாங்கள் இந்நாட்டில் சில ஆண்டுகள் இருந்தவர்களாயிற்றே, எப்படிக் கேட்பது என்று சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

நம் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் இன்று கடல் கடந்து வாழ்கின்றனர்; ஆங்காங்கே பங்குகளிலும் சங்கங்களிலும் பொறுப்பேற்கின்றனர். ஆகவே அம்மகளுக்கு எழுத வேண்டிய விடையை எல்லாருக்கும் பொதுவாகவே இங்கே எழுதுகிறோம். முதலாவதாகச் சொல்ல விரும்புவது, அது கையேந்தும் கடிதமே அன்று என்பதுதான். அது ஏன் என்று விளங்க, சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

செயின்ட் லூயிஸ் நகரில் பிரையன் மல்லன்ஃபி என்னும் கத்தோலிக்க நீதிபதி ஒருவர் இருந்தார். நகரத் தலைவராகவும் பணியாற்றியவர். 1845-ஆம் ஆண்டு அமெரிக்காவின் முதல் வின்சென்ட் தே பவுல் சபை அந்நகரில் தொடங்கியபோது, அதன் முதல் உறுப்பினர்களுள் ஒருவர். 1851-இல் அவர் மறைந்தபோது, தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை, மேற்குத் திசையில் குடியேறச் செல்லும் வழியில் அந்நகரை வந்தடையும் ஏழைப் பயணிகளின் துயர் தீர்க்க எழுதிவைத்தார். நல்ல நெஞ்சம், நல்ல நோக்கம். ஆனால் வண்டிகட்டிச் சென்ற காலம் மறைந்தது. இரயில் பாதைகள் வந்தன. அத்தகைய பயணிகள் அருகிப் போயினர். பணம் இருந்தது, பெறுவோர் குறைந்தனர். அதே நகரின் தெருக்களில் வேறு ஏழைகள் நிறைந்திருந்தும், உயிலின் சொற்கள் குறுக்கே நின்றன. இத்தகைய நிலையை அந்நாட்டார் 'இறந்தவரின் கை' என்று குறிப்பிடுவர். என்றோ மறைந்தவரின் கை, இன்று வாழ்வோரின் பணத்தைப் பற்றிக்கொண்டு விடமறுக்கிறது என்பது பொருள்.

க்ளீவ்லாந்து நகரில் ஒரு வங்கியின் தலைவராயிருந்த ஃப்ரெட்ரிக் காஃப் என்பவர் இச்சிக்கலுக்கு ஒரு வழி கண்டார். 1914-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் க்ளீவ்லாந்து ஃபவுண்டேஷனை நிறுவினார். உலகின் முதல் சமூக அறநிதியம் இதுவே. ஊரார் பலரும் தரும் கொடைகளும் உயில்களும் ஒரே இடத்தில் திரளும். முதல் அப்படியே இருக்க, வருமானம் அவ்வூரின் நன்மைக்குச் செலவாகும். ஒரு நோக்கம் காலத்தால் பொருளற்றுப் போனால், அதனை மாற்றிக்கொள்ளும் உரிமை நிதியத்திற்கு உண்டு. எங்கே செலவிடுவது என்பதை ஊர்ப் பெரியோர் குழு ஒன்று முடிவு செய்யும். வங்கி மட்டுமன்றி, நகரத் தலைவரும் நீதிபதிகளும் அக்குழுவிற்கு உறுப்பினரை நியமித்தனர். கையில் பெரும்பணம் வந்து சேருமுன்னரே அந்நிதியம் செய்த முதல் வேலைகள், ஊரின் குறைகளை ஆராய்ந்து எழுதியவைதாம். நகரப் பள்ளிகளைப் பற்றி 1915, 1916-ஆம் ஆண்டுகளில் அது நடத்திய ஆய்வு 25 நூல்களாக வெளிவந்தது. முதலில் உண்மையை அறி. பின்பு பணத்தைக் கொடு. இதுவே அவர்களது முறை.

இம்முறை பிற ஊர்களுக்கும் பரவிற்று. கனடாவின் வின்னிபெக் நகரில் 1921-இல் வில்லியம் அலோவே என்னும் வங்கியாளர் 1,00,000 டாலர் தந்து இத்தகைய நிதியத்தைத் தொடங்கினார். மூன்றாண்டுகளுக்குப் பின், 1924-இல், தம் பெயரைச் சொல்லாத ஒரு பெண்மணி ஓர் உறையை அங்கே சேர்ப்பித்தார். அதனுள் ஐந்து டாலர் பொற்காசுகள் மூன்று. உறையின்மேல் எழுதியிருந்தது, 'கைம்பெண்ணின் காணிக்கை' என்று. அந்தப் பதினைந்து டாலரும் அந்த ஒரு லட்சமும் ஒரே பெட்டியில் கலந்தன. நற்செய்தியில் ஆண்டவர் போற்றிய அந்தக் கைம்பெண்ணை அறிந்த நமக்கு, இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இப்பொழுது அம்மகளுக்கு விளங்கியிருக்கும். அவர் விண்ணப்பம் எழுதப்போவது பணக்காரர் ஒருவரின் வாயிலுக்கு அன்று. ஊரார் ஒருவரையொருவர் நம்பிச் சேர்த்துவைத்த பொதுப் பெட்டிக்கு எழுதுகிறார். அங்கே புகழுரை வேண்டா, அழுகையும் வேண்டா. கணக்குதான் வேண்டும்.

இனி நடைமுறைக்கு வருவோம்.

ஒவ்வொரு நிதியத்திற்கும் ஓர் எல்லை உண்டு. பெரும்பாலும் ஒன்றோ சிலவோ ஆன கௌன்டிகளுக்குள்தான் அது பணம் தரும். முதலில் நம் பணி அவ்வெல்லைக்குள் நடைபெறுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்து, பெட்டி ஒன்றாயினும் உள்ளே அறைகள் பல. கொடையாளர் ஒரு குறிப்பிட்ட நிறுவனத்திற்கென்றே எழுதிவைத்த பணம் உண்டு. மாணவர் உதவிக்கென ஒதுக்கியது உண்டு. கொடையாளர் தாமே ஆலோசனை கூறி வழங்கச் செய்யும் பணமும் உண்டு. இவை பொதுவாக விண்ணப்பத்தால் கிட்டுவன அல்ல. கட்டுப்பாடின்றி விடப்பட்ட பணமும், கல்வி, உடல்நலம் போன்ற ஒரு துறைக்கென விடப்பட்ட பணமுமே விண்ணப்பிப்போருக்குத் திறந்திருப்பவை. முதலைத் தொடாமல் ஆண்டுதோறும் பெரும்பாலும் நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து வீதமே செலவிடுவதால், பெரிய நிதியம் என்று பெயர் பெற்றதும் எல்லாருக்கும் தந்துவிட இயலாது. மறுப்பு வந்தால் இதனை நினைவில் கொள்க.

மூன்றாவது, சட்டத் தகுதி. அந்நாட்டு வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவின்கீழ் அறநிறுவனமாக ஏற்கப்பட்டிருக்க வேண்டும். கத்தோலிக்கப் பங்குகளுக்கு இதில் ஓர் எளிமை உண்டு. 1946 முதல் ஆயர் பேரவையின் பெயரில் ஒரு கூட்டு விலக்கு நடைமுறையில் இருக்கிறது; ஆண்டுதோறும் வெளிவரும் அதிகாரபூர்வக் கத்தோலிக்க விவரநூலில் பங்கின் பெயர் இருந்தால், அப்பக்கமே சான்றாகும். பிற அறநிறுவனங்கள் 990 என்னும் படிவத்தில் ஆண்டுக் கணக்கை அரசுக்குத் தருகின்றன. ஆலயங்களுக்கு அக்கடமை இல்லை. ஆனால் கடமை இல்லை என்பதால் கணக்கே இல்லை என்று இருந்துவிடலாகாது. படிவத்திற்கு ஈடாகப் பங்கின் வரவு செலவுக் கணக்கைத் தெளிவாக எழுதி இணைக்க வேண்டும். இன்னும் பதிவு பெறாத சிறு குழுவாயின், பதிவு பெற்ற ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் நின்று விண்ணப்பிக்கலாம்.

நான்காவது, எழுதுமுன் பேசுதல். நிதியத்தில் இத்துறைக்கென அலுவலர் இருப்பார். அவரிடம் பேசிய பின், பல இடங்களில் முதலில் ஓரிரு பக்கச் சுருக்கக் கடிதம் கேட்பர். அது ஏற்கப்பட்டால்தான் முழு விண்ணப்பம். அதில் அவர்கள் கேட்பவை எங்கும் ஏறத்தாழ ஒன்றே: குறை என்ன? அது யாருக்கு, எத்தனை பேருக்கு? நீங்கள் செய்யப்போவது என்ன? செய்து முடித்ததை எப்படி அறிவீர்கள்? செலவு எவ்வளவு, அதில் உங்கள் பங்கு எவ்வளவு, வேறெவர் தருகின்றனர்? எங்கள் பணம் தீர்ந்த பின் இப்பணி எப்படி நடைபெறும்? இவற்றுள் கடைசிக் கேள்வியில்தான் பலர் தடுமாறுகின்றனர்.

வழிபாட்டிற்கும் மறைக்கல்விக்கும் பழைய கடனை அடைப்பதற்கும் பொதுவாக இந்நிதியங்கள் தருவதில்லை. பங்கு நடத்தும் பணியே ஆயினும், சமய வேற்றுமையின்றி எல்லாருக்கும் திறந்திருக்கும் உணவுக்கும் கல்விக்கும் தருகின்றன.

இங்கே நம் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்ல நமக்கு வெட்கமே.

அந்நாட்டில் ஒரு சிற்றூர்ப் பங்கில் நாம் உதவிக் குருவாக இருந்தபோது, ஆலயத்தின் நிலவறையில் சனிக்கிழமைதோறும் ஏழைகளுக்கு உணவுப் பொருள் வழங்கினர். பாலும் முட்டையும் வைக்கக் குளிர்பதனப் பெட்டி ஒன்று தேவைப்பட்டது. விண்ணப்பத்தை நாமே முன்னின்று எழுதினோம். மூன்று பக்கம்! பங்கின் தொன்மை, ஆலயத்தின் அழகு, மக்களின் பக்தி எல்லாம் அதில் இருந்தன. எத்தனை குடும்பங்கள் வருகின்றன என்பது மட்டும் இல்லை. செலவுப் பட்டியலின் கூட்டுத்தொகையும் தவறு. மறுப்புக் கடிதம் வந்தது. நம் உள்ளம் சினந்தது. ஏழைகளின் குரல் இவர்களுக்குக் கேட்கவில்லையே என்று குறைபட்டுக்கொண்டோம்.

பங்கில் முதிய தொண்டர் ஒருவர் இருந்தார், ஓய்வுபெற்ற தச்சர். அவர்தாம், "காரணம் கேட்டீர்களா, ஃபாதர்?" என்றார். கேட்டோம். அலுவலரான பெண்மணி ஒரு சனிக்கிழமை நேரில் வந்தார். வரிசையைப் பார்த்தார். "உங்கள் ஆலயத்திற்கு வராதவர்களுக்கும் கொடுப்பீர்களா?" என்று கேட்டார். "கொடுப்போம்" என்றோம். அவர் சுவரைச் சுட்டிக் காட்டினார். 'பங்கு மக்களுக்கு முதலிடம்' என்னும் அட்டை அங்கே தொங்கிற்று. ஒவ்வொரு வாரமும் அதன் கீழே நின்ற நம் கண்ணில் அது பட்டதே இல்லை. அன்றே கழற்றினோம்.

அப்போது அம்முதியவர் தம் மேலங்கிப் பையிலிருந்து பள்ளிப் பிள்ளைகளின் குறிப்பேடு ஒன்றை எடுத்து நீட்டினார். இரண்டு குளிர்காலத்துக் கணக்கு. வந்த குடும்பங்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை; கடைசிப் பத்தியில், பால் தீர்ந்துவிட்டதால் வெறுங்கையோடு திரும்பியவர்கள் எத்தனை. யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை. "திருப்பி அனுப்பினவர்களை மறந்துவிடக் கூடாதே என்று எழுதினேன்" என்றார். இரண்டாவது விண்ணப்பம் ஒன்றரைப் பக்கம். அந்தக் கடைசிப் பத்திதான் அதன் உயிர். கேட்டதற்குக் குறைவாகவே தந்தார்கள், ஆனால் தந்தார்கள்.

சோதனை அதன் பின்னர் வந்தது. பெட்டி வாங்குவதற்கு முன், கடுங்குளிரில் ஆலயத்தின் வெப்ப உலை பழுதாயிற்று. "நிதியப் பணம் வங்கியில் சும்மாதானே இருக்கிறது, இரண்டு மாதத்திற்கு எடுத்துக்கொள்வோம், பிறகு வைத்துவிடலாம்" என்றனர் சிலர். உண்மையைச் சொல்வதாயின், நாமும் தலையசைக்க இருந்தோம். முதியவர் மெல்லச் சொன்னார்: "அது நம் பணம் அல்ல, ஃபாதர். பால் கிடைக்காமல் திரும்பியவர்களின் பணம்." நாம் வாயடைத்துப் போனோம். அடுத்த ஞாயிறு உலைக்கெனத் தனிக் காணிக்கை எடுத்தோம். குளிரில் நடுங்கிய மக்கள் மனமுவந்து கொடுத்தனர்.

ஆகவே மகளே, பணம் கிடைத்த நாளில்தான் விண்ணப்பத்தின் பாரமான பகுதி தொடங்குகிறது என்பதை அறிக. எதற்கென்று பெற்றீர்களோ அதற்கே செலவிடுங்கள். தனிக் கணக்கில் வையுங்கள். சீட்டுகளைக் காத்து வையுங்கள். திட்டம் மாற நேர்ந்தால், செலவழிக்குமுன் எழுதி இசைவு பெறுங்கள். இறுதி அறிக்கையை நாள் தவறாமல் அனுப்புங்கள். முப்பது பிள்ளைகள் வருவர் என்று எழுதி இருபது பேரே வந்திருந்தால், இருபது என்றே எழுதுங்கள். ஏன் குறைந்தது என்பதையும் எழுதுங்கள். உண்மை எழுதியவரை அவர்கள் மீண்டும் நம்புவர்.

இதைப் படிக்கும் நம் ஊர்ப் பங்குகளுக்கும் ஒரு சொல். அந்நிதியங்கள் தத்தம் வட்டாரத்திற்கே உரியவை. இங்கிருந்து அவற்றிற்கு விண்ணப்பம் அனுப்புவதால் பயனில்லை. எந்த வெளிநாட்டுக் கொடையாயினும், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010-இன்கீழ் பதிவோ முன் அனுமதியோ இன்றிச் சிறு தொகையும் பெறலாகாது. 2020-இல் வந்த திருத்தத்தின்படி, அப்பணம் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கிற்கே முதலில் வர வேண்டும். அன்பின் பெயரால் எவரேனும் குறுக்குவழி காட்டினால், மறுத்துவிடுங்கள்.

ஆனால் அந்தக் குறிப்பேடு நமக்கும் உரியதுதான். அதற்கு எந்த அரசின் அனுமதியும் வேண்டுவதில்லை. உங்கள் பங்கு வின்சென்ட் தே பவுல் சபையில், மாதர் சங்கத்தில், மாலை வகுப்பில் இன்றே ஒன்று தொடங்குங்கள். யாருக்குக் கொடுத்தோம் என்று ஒரு பத்தி. யாருக்குக் கொடுக்க இயலாமற் போயிற்று என்று இன்னொரு பத்தி. இந்த இரண்டாவது பத்தியை உண்மையாக எழுதுகிறவருக்குக் கேட்கும் சொற்கள் தாமே வரும்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.