நீங்கள் கேட்டவை: அக்காவுக்கு வந்த வலிப்பு தங்கைக்கும் வருமா?

''எங்கள் மூத்த மகளுக்குப் பிரசவ நேரத்தில் ரத்தக்கொதிப்பு ஏறி, வலிப்பு வந்துவிட்டது. பிழைத்ததே பெரிய விஷயம். எனக்கும் 8 வருடமாகச் சர்க்கரை நோய். தி.நகரில் குடியிருக்கும் இளைய மகள் இப்போது 2 மாதக் கர்ப்பம். 'பரம்பரை வியாதி' என்று சம்பந்தி வீட்டில் பேசுவார்களோ எனப் பயந்து, டாக்டரிடம் எதையும் சொல்லவில்லை. மரபணு டெஸ்ட் எடுத்தால் போதுமா?''

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுராந்தகம்.

போதாது. கர்ப்பகால ரத்தக்கொதிப்பு வரும், வராது என்று அடித்துச் சொல்லும் மரபணு டெஸ்ட் எதுவும் இல்லை. டாக்டருக்கு அதைவிட உதவுவது, நீங்கள் மறைத்து வைத்திருக்கும் விவரம்தான். விதைநெல் வாங்கும்போது, 'எந்த வயலில் விளைந்தது, நோய் தாக்கியதா' என்று கேட்கிறோம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

அம்மாவுக்கோ, உடன்பிறந்தவளுக்கோ இந்தக் கொதிப்பு வந்திருந்தால், வாய்ப்பு கூடுதல். ஆனால், கட்டாயம் வரும் என்று அர்த்தமில்லை.

அதோடு, இது பெண் வீட்டுப் பழியும் அல்ல. கொதிப்புக்குக் காரணமான கோளாறு பெரும்பாலும் நஞ்சுக்கொடியில் தொடங்குகிறது. அது குழந்தையின் மரபணுவைக் கொண்டது. அதில் பாதி அப்பா கொடுத்தது. நார்வே நாட்டின் பிறப்புப் பதிவுகளை ஆராய்ந்தபோது, தாய்க்குக் கொதிப்பு வந்த கர்ப்பத்தில் பிறந்த ஆண்களின் மனைவிகளுக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுதலாக இருந்தது. எனவே, சம்பந்தியம்மாவின் பிரசவம் எப்படி இருந்தது என்றும் கேளுங்கள்.

முன்கூட்டியே சொல்வதில் பலன் இருக்கிறது. ஆபத்து கூடுதலாக உள்ளவர்களுக்கு 12 வாரத்துக்குப் பிறகு, 16 வாரத்துக்குள் குறைந்த அளவு ஆஸ்பிரினை டாக்டர்கள் தொடங்குவார்கள். நீங்களாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில், கர்ப்பப்பைக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் அளக்கலாம். மயிலாப்பூர் மெடிஸ்கேன் போன்ற கருநல மையங்கள் தி.நகருக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அரசு மருத்துவமனை என்றால், திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை.

அடுத்து, உங்கள் சர்க்கரை. பெற்றோருக்குச் சர்க்கரை இருந்தால், மகளுக்குக் கர்ப்பகாலத்தில் அது வரும் வாய்ப்பு அதிகம். இதற்கு எளிய டெஸ்ட்டை வகுத்துத் தந்தவர், சென்னை டாக்டர் வி.சேஷய்யா. வெறும் வயிறு தேவையில்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 மில்லி கிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், கர்ப்பகாலச் சர்க்கரை. 2007-ம் ஆண்டு முதல் தமிழக அரசு இதை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். இப்போது ஒருமுறை, 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் 140/90 தொட்டால் காத்திருக்கக் கூடாது. 5 மாதத்துக்குப் பிறகு விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீர் முகவீக்கம் என எது வந்தாலும், ராத்திரியானாலும் 108-ஐ அழையுங்கள்.

மூத்த மகளின் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு, இந்த வாரமே தி.நகருக்குப் போய், மகளோடு டாக்டரைப் பாருங்கள். சம்பந்தி வீட்டாரின் பேச்சைப் பிறகு சமாளித்துக்கொள்ளலாம்.