பார்த்தாச்சு, ஸார்!

உங்களில் எத்தனை பேர் ஆபீஸில் ஃபைலைத் திறக்காமலேயே 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம். மேனேஜரும் இந்தப் பத்திரிகை படிக்கிறவராக இருக்கலாம்.

அடியேன் பி.காம். எழுதாத நேரத்தில் மூன்று கடைகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன். 'டிக்' அடிப்பதில் என் கைக்கு இருக்கிற வேகம் கண்ணுக்குக் கிடையாது. இந்த வியாதி என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது தெரியுமா? நிறுத்தவில்லை, படுக்க வைத்தது. அமெரிக்காவில், நியூ ஜெர்ஸியில், ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில், மல்லாக்க!

2023 மே மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தானிடம் 1992-ல் தயாரான ஒரு மாஸ்டா மியாட்டா இருந்தது. சிவப்பு. இரண்டே ஸீட். கூரையை மடக்கிப் பின்னால் போட்டுவிடலாம். 1989-ல் அறிமுகமாகி, 2016-ல் பத்து லட்சத்தைத் தொட்டு, உலகத்திலேயே அதிகம் விற்ற இரண்டு ஸீட் ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸில் ஏறிய ஜாதி. அத்தான் அதை செகண்ட் ஹேண்டாக வாங்கியது 2001-ல். அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டது 2003-ல். "ஸீனியாரிட்டி அதுக்குத்தான்" என்பாள் அக்கா.

நான் போன சமயம் வீட்டில் சிரிப்பு கொஞ்சம் குறைச்சல். அத்தானுக்கு வேலை போய் ஏழு வாரம் ஆகியிருந்தது. பதினெட்டு வருஷ ஸர்வீஸ். ஒருநாள் காலையில் ஆபீஸ் இமெயில் திறக்கவில்லையாம். பாஸ்வேர்டைத் தப்பாக அடிக்கிறோமோ என்று மூன்று தடவை அடித்துப் பார்த்திருக்கிறார், பாவம். மகளுக்கு அந்த வருஷம் காலேஜ். ஆகவே, காரை விற்பதென்று முடிவு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பார்க்க ஆள் வருகிறது.

சனிக்கிழமை மத்தியானம் அத்தான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "மாப்ளே, வா. ஆயில் மாத்தலாம்."

எனக்குள் இருந்த கணக்குப்பிள்ளை விழித்துக்கொண்டான். "விற்கப்போற வண்டிக்கு எதுக்கு அத்தான் புது ஆயில்? வாங்கறவன் மாத்திக்கட்டுமே. தண்டச் செலவு!"

"நாளைக்குப் பத்து மணி வரைக்கும் அது என் வண்டிடா."

இதை டெபிட்டில் எழுதுவதா, கிரெடிட்டில் எழுதுவதா? பி.காம். பாடத்தில் இல்லை. பின்னாலேயே போனேன்.

முதலில் எஞ்சினை ஐந்து நிமிஷம் ஓடவிட வேண்டும். ஆயில் சூடானால்தான் இளகும், அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். அப்புறம் ஜாக்கியால் தூக்கி, நான்கு பக்கமும் இரும்பு ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுப்பது, உயில் எழுதி வைத்துவிட்டுச் செய்கிற வேலை.

ஸ்போர்ட்ஸ் கார் என்பது பூமியைத் தடவிக்கொண்டே போகிற சாதனம். ஸ்டாண்டில் ஏற்றிய பிறகும் என் தொப்பைக்கு இடம் போதவில்லை. மூச்சை முழுக்க வெளியே விட்ட பிறகே உள்ளே போக முடிந்தது.

அத்தான் 19 எம்.எம். ஸ்பேனர் போட்டு டிரெயின் போல்ட்டைக் கழற்றினார். முதல் டிகாக்ஷன் மாதிரி கன்னங்கரேல் என்று டிரேயில் கொட்டியது.

"நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுத்து சுத்தற எஞ்சின், மாப்ளே. இரும்பும் இரும்பும் உரசாம நடுவுல நிக்கறது தலைமுடியைவிட மெல்லிசா ஒரு ஆயில் படலம்தான். சூட்டை வாங்கிக்கறதும் அது, அழுக்கைச் சுமக்கறதும் அது. வெளியில யாருக்கும் தெரியாது." கொஞ்ச நேரம் சும்மா படுத்திருந்தார். "உழைச்சுக் கறுத்துப் போச்சுன்னா மாத்திடுவாங்க."

ஆயிலைப் பற்றித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அடுத்தது ஃபில்டர். இந்தக் காரில் அது எஞ்சினின் வலது பக்கம், இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே, ஒரு இடுக்கில் இருக்கிறது. கண் போகாது, கை மட்டும் போகும். அதுவும் ஒல்லியான கை. வழக்கமாக இந்த வேலை மகளுடையதாம். பன்னிரண்டு வயசிலிருந்து அவள்தான் கழற்றி மாட்டுவாளாம். காரை விற்கிறார்கள் என்ற கோபத்தில் அன்றைக்கு அவள் மாடியை விட்டு இறங்கவில்லை. ஆகவே, பேனா பிடிக்கிற அடியேன் கை நீண்டது.

திருகினேன். வெதுவெதுப்பான ஆயில் முழங்கை வழியாக அக்குள் வரை விஜயம் செய்தது. ஒருவழியாக ஃபில்டர் கழன்று டிரேயில் குப்புற விழுந்தது.

"மாப்ளே, ஃபில்டர் வாயில ரப்பர் வளையம் இருக்கா பாரு. சில சமயம் அது எஞ்சின்லயே ஒட்டிக்கும்."

முதுகு வலி. சட்டை நாசம். சமையலறையிலிருந்து வெங்காய பஜ்ஜி வாசனை வேறு.

"பார்த்தாச்சு, அத்தான்!"

பார்க்கவில்லை, ஸார். டிக் அடித்தேன்.

புது ஃபில்டரின் வளையத்தில் புது ஆயிலைத் தடவி, ஸ்பேனர் போடாமல் கையாலேயே இறுக்கினேன். அத்தான் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு முடுக்கினார். காரைக் கீழே இறக்கி, மேலே மூடியைத் திறந்து 3.6 லிட்டர் ஊற்றினோம். டப்பாவில் 10டபிள்யூ-30 என்று போட்டிருந்தது. டபிள்யூ என்றால் வின்ட்டராம். சென்னைக்காரனுக்கு அந்த எழுத்தே தண்டம் என்று ஜோக் அடித்தேன். அத்தான் கூடச் சிரித்தார்.

சாவியைத் திருகினார். டாஷ்போர்டில் ஆயில் அழுத்தம் காட்டும் முள் எழுந்தது. ஒரு கணம் நின்றது. சட்டென்று சரிந்தது. அத்தான் பட்டென்று எஞ்சினை அணைத்துவிட்டார்.

இறங்கிப் பார்த்தால், சிமென்ட் தரையில் புது ஆயில் தேன் நிறத்தில் பரவிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புது வளையத்தை வைத்து இறுக்கியிருக்கிறேன். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வளையம் நிற்காது. அழுத்தம் ஏறியதும் பிதுங்கிவிடும். இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் ஆயில் இல்லாமல் எஞ்சினே போயிருக்கும்.

காப்பாற்றியது அந்த முள். 1994 வரை வந்த இந்த மாடலில்தான் அது நிஜமான அழுத்தத்தைக் காட்டும். அடுத்த சில வருஷத்து வண்டிகளில் முள்ளுக்குப் பின்னால் வெறும் ஸ்விட்ச்தான். ஏதோ கொஞ்சம் அழுத்தம் இருந்தால் போதும், நடுவில் வந்து 'எல்லாம் ஓகே' என்று நின்றுகொள்ளும். அதாவது, என்னைப் போல!

"பார்த்தியா?" என்றார் அத்தான்.

"பார்க்கலை, அத்தான்."

"ம்."

அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் பஜ்ஜியாவது தொண்டையில் இறங்கியிருக்கும்.

மறுபடியும் ஜாக்கி, மறுபடியும் ஸ்டாண்ட். சத்தம் கேட்டு அக்கா மகள் இறங்கி வந்தாள். யாரிடமும் பேசவில்லை. செல்போன் டார்ச்சோடு அடியில் புகுந்தாள். ஃபில்டரைக் கழற்றி, நகத்தால் எதையோ நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். பழைய வளையம்.

"மாமா, இது உங்களோடது."

தரையில் பூனைகளுக்குப் போடுகிற மண்ணைக் கொட்டி ஆயிலை உறிஞ்ச விட்டோம். பழைய ஆயிலை அத்தான் ஒரு சொட்டு விடாமல் கேனில் ஊற்றி, இலவசமாக வாங்கிக்கொள்ளும் உதிரிபாகக் கடையில் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு தடவை மாற்றுகிற ஆயில், பத்து லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை. தரையிலிருந்த கறை மட்டும் போகவில்லை.

ஞாயிறு பத்து மணி. ஒரு பெரியவர் வந்தார். காரைப் பார்க்கும் முன் கறையைத்தான் பார்த்தார். முகம் சுருங்கியது.

"லீக்கா?"

அத்தான் வாயைத் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன். எனக்குத் தெரிந்த பி.காம். இங்கிலீஷில் நடந்ததைச் சொல்லி, பாக்கெட்டிலிருந்த வளையத்தை எடுத்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. மெதுவாக முட்டி போட்டு, தரையோடு தரையாகப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார். அணைத்துவிட்டு மறுபடி பார்த்தார். டிப் ஸ்டிக்கை உருவி, துடைத்து, திரும்ப விட்டு எடுத்துப் பார்த்தார். வாழ்க்கையில் ஒரு மனிதர் நிஜமாகவே 'பார்ப்பதை' அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கேட்ட விலையில் 200 டாலர் குறைத்து வாங்கிக்கொண்டார். என் டிக்கின் விலை! நான் அதைக் கொடுக்கப் போனபோது அத்தான் வாங்க மறுத்துவிட்டார். தெருமுனை திரும்புகிற வரை அப்பாவும் மகளும் காரைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். நான் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அக்டோபரில் அத்தானுக்கு வேலை கிடைத்தது. சம்பளம் கொஞ்சம் கம்மி.

வளையம் என்னோடு சென்னை வந்துவிட்டது. ஊர் திரும்பிய முதல் வாரம், கடை முதலாளி ஒருவர் போன் செய்தார். "ஸார், இந்த மாச பில்லெல்லாம் பார்த்தாச்சா?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது. மேஜை மேல் வளையம். "இன்னும் இல்லீங்க. பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்."

எதிர்முனையில் நீண்ட மௌனம். "என்ன ஸார், எட்டு வருஷத்துல நீங்க இப்படிச் சொன்னதே இல்லையே... கணக்குல ஏதாவது தப்பா?"

எட்டு வருஷமாக இல்லாத சந்தேகம், உண்மையைச் சொன்ன அன்றைக்கு வந்துவிட்டது!