நடுவானில் இன்ஜினில் தீ... விமானி ஏன் ரன்வே வரை போவதில்லை?

தீப்பிடித்த சிறிய விமானம் சாலையிலோ வயலிலோ இறங்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீங்க. 'கொஞ்சம் தாக்குப்பிடிச்சு ரன்வேக்கே போயிருக்கலாமே?' என்று தோன்றும். ஆனால் அதுதான் ஆபத்து.

செஸ்னா 172 போன்ற விமானங்களில் இருப்பது ஒரே இன்ஜின். பெரிய விமானங்களைப்போல இன்ஜின் தீயை அணைக்கும் கருவி இதில் கிடையாது. இன்ஜின் ஓடும்வரை தீக்கு பெட்ரோல் போய்க்கிட்டே இருக்கும்.

அதனால் விமானி முதலில் எரிபொருளை அடைத்து, இன்ஜினையே நிறுத்துவார். அடுத்து மின்சாரத்தைத் துண்டித்து, புகை உள்ளே வராதபடி கேபின் ஹீட்டரை மூடுவார். பிறகு மணிக்கு சுமார் 185 கி.மீ. வேகத்தில் கீழிறங்குவார். தீ அணையவில்லை என்றால் வேகத்தை இன்னும் கூட்டுவார். பாய்ந்து வரும் காற்றே தீயை அணைக்க உதவும்.

இவ்வளவு வேகமாக இறங்கினால் அதிக தூரம் போக முடியாது. தீ அணைந்தாலும் இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. கைக்கெட்டும் தூரத்தில் உள்ள சமதரைதான் அப்போது ரன்வே. விமானம் போனாலும் பரவாயில்லை, உள்ளே இருப்பவர்கள் பிழைக்கணும் என்பதே கணக்கு.